கரண்ட் எப்போது வரும் என்று ஸ்கேனரில் கேட்க முடியுமா?

நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அமெரிக்காவிலிருந்து வந்த மைத்துனர் அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தாவித் தேடிக் கேட்கும் ஒரு கையடக்க ரேடியோ ஸ்கேனரைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். ஆடிக் காற்றில் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் கம்பிமேல் சாய்ந்து இரண்டு நாள், மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போகிறது. அந்த நேரத்தில் மின்வாரிய ஊழியர்கள் வயர்லெஸ்ஸில் பேசுவதைக் கேட்டால் கோளாறு எங்கே, எப்போது சரியாகும் என்று தெரிந்துவிடும் அல்லவா, அதற்கான அலைவரிசை எண்கள் என்ன என்கிறார். எண்களைக் கேட்பது போலத் தோன்றினாலும் உள்ளே இருப்பவை வேறு இரண்டு கேள்விகள். கரண்ட் எப்போது வரும் என்பது ஒன்று. கைக்கு வந்த கருவியை வைத்து என்ன கற்றுக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஸ்கேனர் உதவாது. இரண்டாவதற்கு நீலகிரியைப் போன்ற பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. மலை மின்நிலையங்களில் தகவல் தொடர்புக் கருவிகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவன் நான். பொழுதுபோக்காக வானொலியில் பேசுவோருக்கு அரசு தரும் அமெச்சூர் வானொலி உரிமமும் வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன்.

எண்கள் தரமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிக் கேட்கலாம் என்று நீங்கள் பார்த்த காணொளிகள் அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. அங்கே 1986-ஆம் ஆண்டுச் சட்டம், மறையாக்கம் செய்யப்படாத தனியார் நிறுவன வானொலிப் பேச்சையும் தீயணைப்பு, காவல் போன்றவற்றின் திறந்த பேச்சையும் பொதுமக்கள் கேட்பதற்கு இடம் தருகிறது; கைபேசி உரையாடல் அதில் சேராது. அதனால் மின் நிறுவனங்களின் அலைவரிசையைத் தேடிப் பிடித்துக் குறித்துவைப்பது அங்கே ஒரு பொழுதுபோக்காகவே வளர்ந்துவிட்டது. நம் நாட்டுச் சட்டம் அப்படி இல்லை. 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டம், அனுப்பும் கருவி மட்டுமல்ல, வாங்கும் கருவியை வைத்திருப்பதற்கும் உரிமம் கேட்டது. வீட்டு வானொலிப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் ஆண்டுக் கட்டணம் கட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பாட்டுப் பெட்டிக்கு அந்தத் தொல்லை எப்போதோ ஒழிந்தது, ஸ்கேனருக்கு ஒழியவில்லை. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், இந்த 1933-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டின் இடத்தையும் எடுத்துக்கொள்வதற்காக வந்த 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, ஒரு செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அந்தப் பிரிவு 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. நான் வழக்கறிஞன் அல்ல. வீட்டில் உட்கார்ந்து சும்மா கேட்டவர் மீது இந்தப் பிரிவு பாயுமா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்கும் முதல் ஆளாக நீங்கள் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் பயன் இருக்காது. மின்வாரியத்தின் முக்கியமான பேச்சு பெரும்பாலும் உங்கள் ஸ்கேனர் எட்டும் இடத்தில் நடப்பதில்லை. உயரழுத்தத் துணை மின்நிலையங்களும் மின்நிலையங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட முறை நெடுங்காலமாக மின்கம்பியின் வழியேதான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் அதே கம்பியில், சுமார் 40 முதல் 500 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள அலை ஒன்றை ஏற்றி அனுப்புவார்கள். குரலும் அதில் போகும். கோளாறு வந்த நொடியில் எதிர்முனையிலுள்ள பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும் கட்டளையும் அதில் போகும். ஏதாவது ஒரு பெரிய துணை மின்நிலையத்தின் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். கோபுரத்திலிருந்து கம்பி இறங்கும் இடத்தில், மூன்று கம்பிகளில் ஒன்றிலோ இரண்டிலோ மட்டும், உருளை வடிவத்தில் பெரிய சுருள் ஒன்று தொங்கும் அல்லது தூண்மேல் நிற்கும். வேவ் டிராப் என்பார்கள். மின்சாரத்தை உள்ளே விட்டுவிட்டு, பேச்சைச் சுமந்துவரும் அலையை மட்டும் மறித்துப் பக்கத்திலுள்ள மின்தேக்கி வழியாகக் கருவி அறைக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. கையடக்க ஸ்கேனர்கள் பெரும்பாலும் 25 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் தொடங்குகின்றன. இந்த அலை அதற்கு வெகு கீழே கிடக்கிறது. இப்போது அதற்கும் மேலாக, கோபுர உச்சியில் ஓடும் காப்புக் கம்பிக்குள்ளேயே கண்ணாடி இழை வைத்துவிடுகிறார்கள். அதில் ஓடும் ஒளியை எந்த ஆன்டெனாவும் பிடிக்காது.

களத்தில் நிற்கும் லைன்மேனும் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரும் பேசிக்கொள்வது கைபேசியில். வயர்லெஸ் கருவிகள் அறவே இல்லை என்று சொல்லவில்லை. கைபேசிக் கோபுரம் எட்டாத அணைப்பகுதிகளில் அவற்றுக்கு இன்றும் வேலை உண்டு. ஆனால் உங்கள் தெருவின் 11 கிலோவோல்ட் பீடரில் (துணை மின்நிலையத்திலிருந்து வரும் கம்பித் தடம்) எந்தக் கம்பத்தில் ஜம்பர் என்ற இணைப்புக் கம்பி அறுந்தது என்ற செய்தி அவற்றில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஒருவேளை அரைகுறையாக ஏதாவது காதில் விழுந்தாலும், அதுதான் எனக்கு அதிக அச்சம் தருவது. கம்பியில் வேலை செய்ய ஏறுகிறவர் முதலில் லைன் கிளியர் என்ற அனுமதியை வாங்குவார். துணை மின்நிலையத்தில் இருப்பவர் பீடரை நிறுத்தி, பூட்டி, இன்னாருக்கு இத்தனை மணிக்குக் கொடுத்தேன் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வார். வேலை முடிந்து, ஆட்கள் இறங்கி, தரையோடு இணைத்த எர்த் ராடுகளைக் கழற்றிய பிறகு, வாங்கியவரே அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் கரண்ட் விடுவார்கள். ஒரே பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் வேலை செய்தால் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திருப்பித் தர வேண்டும். இந்த வரிசையில் ஒரு வாக்கியத்தை மட்டும் வெளியாள் கேட்டு, 'லைன் ஆஃப் ஆகிவிட்டதாம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன ஆகும்? தோட்டத்தில் சாய்ந்து கிடக்கும் மரத்தை வெட்ட ஒருவர் அரிவாளோடு கிளம்புவார். நிறுத்தியது வேறு பீடராக இருக்கும். உயிர் போவதற்கு அது போதும்.

சரி, ஸ்கேனரைப் பெட்டியில் போட்டுவிட்டு ஒரு சாதாரண பேட்டரி டிரான்சிஸ்டரைக் கையில் எடுங்கள். மீடியம் வேவ் வரும் பழைய பெட்டியாக இருக்கட்டும். ஊழியர்களின் பேச்சு உங்களுக்குரியதல்ல; கம்பி எழுப்பும் இரைச்சலைக் கேட்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. மின்நிறுவனத்தைக் காதால் கண்காணிப்பது என்றால் எனக்கு அதுதான். ஸ்கேனர் வைத்திருப்பவர்களில் பலர் இதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம்.

உதகை வானொலி நிலையம் 1602 கிலோஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறது. மீடியம் வேவின் மேல் விளிம்பு அது. அங்கிருந்து முள்ளைக் கீழே இறக்கி, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். நல்ல இடத்தில் மெல்லிய சீறல் மட்டும் இருக்கும். கோளாறுள்ள கம்பி அருகில் இருந்தால் 'ர்ர்ர்' என்ற கரகரப்பு கேட்கும். மாறுதிசை மின்சாரம் நொடிக்கு 50 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் மின்னழுத்தம் இரண்டு முறை உச்சத்தைத் தொடுகிறது. தளர்ந்த ஒரு இடுக்கில் ஒவ்வொரு உச்சத்திலும் சிறு தீப்பொறி தாவுகிறது. ஆகவே நொடிக்கு 100 வெடிப்பு. இந்தத் தாளத்தைக் காது ஒருமுறை பழகிவிட்டால் வேறு எதோடும் குழப்பிக்கொள்ளாது.

பெட்டிக்குள் ஒரு கரிய ஃபெரைட் தண்டு படுத்திருக்கிறது. மீடியம் வேவுக்கு அதுதான் ஆன்டெனா. பெட்டியைத் தட்டையாகப் பிடித்து மெதுவாகச் சுழற்றினால் ஓர் இடத்தில் இரைச்சல் சட்டென்று அமுங்கும். அப்போது தண்டின் முனை இரைச்சல் வரும் திசையைக் காட்டுகிறது. உச்சத்தைத் தேடாதீர்கள், அமுங்கலைத் தேடுங்கள். உச்சம் மழுங்கலாக இருக்கும், அமுங்கல் கூர்மையாக இருக்கும். இரண்டு இடங்களில் நின்று பார்த்து, தாளில் இரண்டு கோடு போட்டால் அவை வெட்டும் இடம் தெரியும் என்பது பாடப்புத்தகம். மலையில் அது அப்படியே வேலை செய்வதில்லை. மின்கம்பியே நீண்ட ஆன்டெனாவாகி, தாழ்ந்த அதிர்வெண் இரைச்சலைக் கிலோமீட்டர் கணக்கில் சுமந்துகொண்டு போகிறது. நீங்கள் கம்பி போகும் வழியெல்லாம் நடந்தாலும் எல்லாக் கம்பமும் குற்றவாளி போலவே தோன்றும். அதனால் நெருங்க நெருங்க அதிர்வெண்ணை ஏற்ற வேண்டும். மீடியம் வேவில் பகுதியைக் கண்டுபிடித்து, சிற்றலை வரிசையின் உயர்ந்த பகுதியில் தெருவைக் கண்டுபிடித்து, 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏஎம் முறையில் (அலையின் உயர மாற்றத்தை ஒலியாக்கும் முறை) கேட்கும் கருவியும் ஒரு திசையை மட்டும் நோக்கிக் கேட்கும் சிறு யாகி ஆன்டெனாவும் இருந்தால் கம்பத்தையே கண்டுபிடிக்கலாம். உயர்ந்த அதிர்வெண் கம்பி வழியே வெகுதூரம் போகாமல் தேய்ந்துவிடும். அங்கேயும் இரைச்சல் உரக்கக் கேட்கிறது என்றால் மூலம் பக்கத்தில்தான். எஃப்எம் முறையில் கேட்டால் இந்த இரைச்சல் சரியாகத் தெரியாது, அது அலையின் உயரத்தில் ஏற்படும் மாற்றத்தைப் பொருட்படுத்தாதபடி அமைந்த முறை. உரிமம் கிடைத்த பிறகு உங்கள் ஸ்கேனருக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுவாகத்தான் இருக்கும்.

வானிலையோடு சேர்த்துக் குறித்துவைத்தால் இன்னும் சுவையான செய்திகள் கிடைக்கும். தை, மாசி மாதங்களின் காய்ந்த பனிக்காற்றில் கரகரத்து, மழை விழுந்ததும் நின்றுவிடும் இரைச்சல் பெரும்பாலும் தளர்ந்த இரும்பு இணைப்பினுடையது. துருப்பிடித்த போல்ட், தளர்ந்த கட்டுக்கம்பி, ஒன்றோடொன்று உரசியும் உரசாமலும் நிற்கும் இரண்டு உலோகத் துண்டுகள். ஈரம் பட்டதும் இடுக்கு அடைபட்டுத் தீப்பொறி நிற்கிறது. இதற்கு நேர்மாறாக, மேகம் இறங்கி எல்லாம் நனைந்திருக்கும்போது மட்டும் வரும் சீறல், அழுக்கும் பாசியும் படிந்த இன்சுலேட்டரின் மேற்பரப்பில் மின்சாரம் கசிவதைக் காட்டுவதாக இருக்கலாம். முதலாவதை உறுதியாகச் சொல்வேன். இரண்டாவதை 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும், நனைந்த கிளை ஒன்று கம்பியை உரசினாலும் ஏறத்தாழ அதே ஓசைதான். கிளை என்றால் காற்றடிக்கும் போதெல்லாம் விட்டு விட்டு வரும். கற்பூர மரத்தின் பட்டை நீள நீளமாக உரிந்து கம்பியில் மாட்டிக்கொண்டு ஆடும்போதும் இந்த விட்டு விட்டு வரும் ஓசையைக் கேட்கலாம்.

எல்லா இரைச்சலும் மின்வாரியத்தினுடையது அல்ல. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் போய்க் கேளுங்கள்: நொடிக்கு ஒன்று அல்லது அதைவிடச் சற்று மெதுவாக, 'டக்... டக்...' என்று கடிகாரம் போல வரும். யானைக்காகப் போட்ட சூரிய மின்வேலியின் கம்பியில் புல்லோ உண்ணிச்செடியோ பட்டுத் தீப்பொறி விடுகிறது என்று பொருள். அந்த ஓசை கேட்கும் வேலியில் யானையைத் தடுக்கும் வலு குறைந்திருக்கும், ஆகவே தோட்டக்காரரிடம் சொன்னால் நன்றி சொல்வார். மலிவான எல்இடி விளக்கு வேறு மாதிரி. முள்ளை நகர்த்த நகர்த்த ஒரே இடைவெளியில் மீண்டும் மீண்டும் தலைகாட்டும். இன்வெர்ட்டர் சார்ஜரும் அப்படியே. சித்திரை, வைகாசி மாலைகளில் படபடவென்று ஒழுங்கில்லாமல் வெடிப்பது இடிமேகம். உங்கள் வீட்டுச் சாமான்தான் காரணமா என்று அறிய எளிய வழி, மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரிப் பெட்டியில் கேட்பது. இரைச்சல் போய்விட்டால் ஊரார் மீது பழி இல்லை.

மின்தடை நேரத்தில் இந்தப் பெட்டி ஒரு குறிப்பும் தரும். ஊர் முழுக்கக் கரண்ட் போனதும் மீடியம் வேவ் துடைத்துவிட்டாற்போலச் சுத்தமாகும். இரவில் வெகுதூர நிலையங்கள் வரும். அந்த அமைதிக்கு நடுவே, வழக்கமாகக் கரகரக்கும் மேல்சாலைக் கம்பியின் ஓசை மறுபடி கேட்கத் தொடங்கினால் அந்தப் பக்கம் மின்சாரம் ஏறிவிட்டது என்று ஊகிக்கலாம். உங்கள் கேள்விக்கு வானொலி தரக்கூடிய மிக நெருக்கமான பதில் இதுதான். ஆனால் இது ஊகம் மட்டுமே. எதிர்த்திசையில் இதைப் பயன்படுத்தவே கூடாது: பெட்டி அமைதியாக இருக்கிறது, ஆகவே கம்பியில் மின்சாரம் இல்லை என்று ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள். குறையில்லாத கம்பி முழு அழுத்தத்தோடு ஓடும்போதும் ஓசையே எழுப்பாமல் இருக்கலாம். நிறுத்திய கம்பியில்கூட யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் பின்வழியாக மின்சாரம் ஏறும். கரகரக்கும் கம்பத்தை உதைத்துப் பார்ப்பது, கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியை ஆட்டிப் பார்ப்பது போன்ற வேலையும் வேண்டாம்.

இந்த மலையை ஏன் நல்ல பள்ளிக்கூடம் என்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். விஎச்எஃப் அலை (30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை) ஏறத்தாழ பார்வைக் கோட்டில்தான் போகும். உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரியும். தொட்டபெட்டா 2,637 மீட்டர்; கோவைச் சமவெளியை 400 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மேலே நிற்பது சுமார் 2,200 மீட்டர். கணக்குப் போட்டால் 190 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. நீங்கள் இருப்பதோ கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில், சுற்றிலும் மேடு. கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ் இங்கிருந்து 150 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் இருக்கிறது. அதைக் குன்னூரின் தெற்குச் சரிவில் ஒருமுறை, உங்கள் வீட்டு முற்றத்தில் ஒருமுறை, மேலே சாலையில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். ஆன்டெனாவை ஓர் அடி நகர்த்தினால் தெளிவதும் இன்னோர் அடியில் மங்குவதும் நேராக வந்த அலையும் சரிவில் பட்டுத் திரும்பிய அலையும் கூடிக் கழிவதால். ஒரு ஸ்கேனரை எங்கே வைப்பது, ஆன்டெனாவை எங்கே கட்டுவது என்பதெல்லாம் இந்தப் பயிற்சியிலேயே விளங்கிவிடும். செலவு ஒன்றுமில்லை, சட்டச் சிக்கலும் இல்லை.

உங்களுக்குப் பக்கத்திலேயே முத்தோரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள வானொலித் தொலைநோக்கி நிற்பது தெரிந்திருக்கும். கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது. 1970-இல் இயங்கத் தொடங்கியது. மலைச்சரிவின் சாய்வு அந்த இடத்தின் அட்சரேகையோடு, ஏறத்தாழ 11 பாகை, ஒத்துப்போனதால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது; ஒரே சுழற்சியில் ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். அவர்கள் கேட்பது 326.5 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிய ஒரு சிறு துண்டை. தீப்பொறி இரைச்சல் அந்த அதிர்வெண் வரைக்கும் எட்டக்கூடியது. உங்கள் தெருவில் தளர்ந்த ஒரு போல்ட் யார் யாருக்குத் தொல்லை கொடுக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்கேனருக்கு வருவோம். அதைச் சட்டப்படி பயன்படுத்த நேரான வழி அமெச்சூர் வானொலி உரிமம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் கீழ் இயங்கும் டபிள்யூபிசி என்ற அலைவரிசை நிர்வாகப் பிரிவு தேர்வு நடத்துகிறது. 12 வயது நிரம்பியவர் எழுதலாம். கட்டுப்படுத்தப்பட்ட நிலை என்ற தொடக்க நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தந்திக் குறி தேவையில்லை. அடிப்படை மின்னணுவியலும் விதிகளும் படித்தால் போதும். அந்தத் தேர்வில் வென்றால் வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை உங்களுக்குத் திறந்துவிடும். கேட்பதோடு நில்லாமல் பேசவும் செய்யலாம். பன்னாட்டு விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும் சுமார் 10 நிமிடத்தில் 145.800-இல் அதன் குரலைப் பிடிக்க அரை மீட்டர் நீளக் கம்பியே ஆன்டெனாவாகப் போதும். நெருங்கும்போது அலை மூன்று கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் ஏறியும் விலகும்போது அதே அளவு இறங்கியும் வருவதைக் கவனியுங்கள். அமெரிக்கக் கருவியின் அலைவரிசைப் பட்டியலும் தாவும் இடைவெளியும் அவர்கள் நாட்டுக்கு ஏற்றவை; நமக்கு 12.5 அல்லது 25 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானில் செய்தி கொண்டுசேர்த்தவர்கள் இந்த உரிமம் பெற்றவர்கள்தாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழை போல இன்னொன்று வந்தால், ஒட்டுக்கேட்பவரைவிட உரிமத்தோடு பேசக்கூடியவர்தான் ஊருக்கு வேண்டும்.

கரண்ட் எப்போது வரும் என்பதற்கு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண் 24 மணி நேரமும் இருக்கிறது. அழைக்கும்போது மின் இணைப்பு எண்ணை மட்டும் சொல்லி நிறுத்தாமல், அருகிலுள்ள கம்பத்தில் எழுதியிருக்கும் எண், டிரான்ஸ்ஃபார்மரின் பெயர், மரம் எந்த வளைவில் விழுந்திருக்கிறது, வெளிச்சம் தெரிந்ததா, பொறி தெரிந்ததா என்பதையும் சொல்லுங்கள். மழையில் இருட்டில் கம்பி நெடுகத் தேடி நடக்கும் குழுவுக்கு அந்த ஒரு தகவல் இரண்டு மணி நேரத்தை மிச்சப்படுத்தும். டிரான்சிஸ்டரில் கண்டுபிடித்த கரகரப்பை மட்டும் அவசர நேரத்தில் சொல்ல வேண்டாம். எந்தக் கம்பம், வெயிலிலா மழையிலா, எத்தனை மணி முதல் என்று எழுதிவைத்து, காற்று அடங்கிய ஒரு வாரநாளில் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய்க் கொடுங்கள்.